பூட்டைக் கொடுக்கும் சட்டம், பூட்டச் சொல்லாத சட்டம்

அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின்படி, உரிமம் பெற்ற வணிகர் கைத்துப்பாக்கி விற்கும்போது அதனுடன் ஒரு பூட்டையோ பூட்டத்தக்க பெட்டியையோ சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். வாங்கிச் சென்றவர் அதைப் பூட்டியே வைக்க வேண்டும் என்று மட்டும் அச்சட்டம் எங்கும் சொல்லவில்லை.

இந்த விந்தைக்கு மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு உயர்நிலைப் பள்ளி கொடுத்த விலை நான்கு மாணவர் உயிர். 2021 நவம்பர் 30 அன்று அவர்களைச் சுட்டுக் கொன்ற 15 வயது மாணவனின் கையிலிருந்தது, நான்கு நாள்களுக்கு முன் அவன் தந்தை வாங்கிய துப்பாக்கி. வீட்டிலிருந்த கம்பிவடப் பூட்டோ உறை பிரிக்கப்படாமலே கிடந்தது. அன்று காலை அவன் வரைந்திருந்த அச்சமூட்டும் படத்தைக் காட்டிப் பள்ளி நிர்வாகம் பெற்றோரை அழைத்துப் பேசியபோது, அவர்கள் துப்பாக்கி வாங்கியதைச் சொல்லவுமில்லை, மகனை வீட்டுக்கு அழைத்துப் போகவுமில்லை. 2024-இல் தாயையும் தந்தையையும் தனித்தனியே விசாரித்த நடுவர் குழுக்கள், கொல்லும் எண்ணமின்றிக் கொடிய அலட்சியத்தால் பிறர் உயிர் போகக் காரணமாகும் குற்றத்தை இருவர் மீதும் உறுதிசெய்தன. தண்டனை பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறை. ஆயினும் துப்பாக்கியைப் பூட்டி வைக்கக் கட்டளையிடும் சட்டம் அப்போது மிச்சிகனில் இல்லை. அது 2024 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

சிறார் கைக்கு எட்டும்படி ஆயுதத்தை விட்டுவைக்கும் பெரியவரைப் பொறுப்பாக்கும் இவ்வகைச் சட்டத்தை 1989-இல் முதலில் இயற்றிய மாநிலம் புளோரிடா. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் அது உண்டு என்றாலும், பலவற்றில் சிறுவன் துப்பாக்கியை எடுத்த பின்போ, யாரேனும் காயமுற்ற பின்போதான் குற்றம் பிறக்கிறது. உடைமையாளரின் நேரடிக் கட்டுப்பாட்டில் இல்லாத துப்பாக்கி பூட்டப்படாமல் இருப்பதையே குற்றமாக்கும் மாசசூசெட்ஸ் முறைதான் நேர்மையானது. ஏனெனில் பெரியவரின் பிழை, பூட்டாமல் விட்ட அந்த நொடியிலேயே முழுமை பெற்றுவிடுகிறது. சிறுவனிடம் வண்டியைக் கொடுத்தவரைப் பொறுப்பாக்க இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199அ பிரிவு தயங்கவில்லை. சாவி ஒன்றுக்கு இருக்கும் பொறுப்பு துப்பாக்கி விசைக்கு ஏன் இல்லை?

அமெரிக்க அரசியலமைப்பு தடுக்கிறது என்பார் உளர். தனிமனிதரின் ஆயுத உரிமையை உயர்த்திப் பிடித்த உச்ச நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு ஹெல்லர் தீர்ப்பு, வீட்டுத் துப்பாக்கியை எப்போதும் இயங்கா நிலையில் வைக்கச் சொன்ன வாஷிங்டன் நகர விதியை நீக்கியது மெய். ஆனால் விபத்தைத் தடுக்கும் சேமிப்புச் சட்டங்கள் செல்லாதவை என்பது தம் வாதத்தின் பொருளன்று என்று அதே தீர்ப்பில் நீதிபதி ஸ்காலியா எழுதியதை இவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். திருடன் வந்தால் பூட்டு தடையாகும் என்ற வாதத்துக்கு, விரல்ரேகையால் சில நொடிகளில் திறக்கும் பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன என்பதே போதிய விடை.

பூட்டாத துப்பாக்கிக்குப் பிள்ளையை இழந்த பெற்றோரைச் சட்டமும் வதைப்பதா என்ற வாதம் மட்டுமே செவிமடுக்கத்தக்கது. எனினும் தற்கொலையை நினைத்துப் பார்க்க வேண்டும்: இளம் பருவத்தினரின் அந்த உந்துதல் பெரும்பாலும் சிறிது நேரமே நீடிப்பது, துப்பாக்கியோ இரண்டாம் வாய்ப்பை அரிதாகவே தருவது, அவ்விரண்டுக்கும் இடையில் ஒரு பூட்டு வாங்கித் தரும் நேரமே உயிர். இச்சட்டங்கள் இளையோரின் துப்பாக்கித் தற்கொலையைக் குறைக்கின்றன என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளை எடைபோட்டுக் கண்டிருக்கிறது. அபராதமும் உரிமை இழப்பும் முன்கூட்டியே அச்சுறுத்தினால், வதைக்கப்படும் பெற்றோரின் எண்ணிக்கை குறையவே செய்யும்.

2020 முதல் ஒரு வயதைக் கடந்த அமெரிக்கச் சிறாரும் பதின்பருவத்தினரும் இறப்பதற்கு முதற்காரணம் துப்பாக்கி. ஆகவே அந்நாட்டு நாடாளுமன்றம் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில், சிறார் புழங்கும் வீட்டில் அந்தப் பூட்டைப் பூட்டி வைப்பதும் உடைமையாளரின் கடமை என்ற ஒரே பிரிவைச் சேர்க்கட்டும். மீறினால் தண்டனை என்பதையும் அதிலேயே எழுதட்டும்.