நம் குழந்தைகளும் மருத்துவ ஆய்வுகளும்

(ஜூபிலி விழாவையொட்டி நடந்த தாய்மார் கூட்டத்தில், நமது பங்கைச் சேர்ந்த செவிலியர் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)





ஜூபிலி விழாவில் பேசுவதற்கு எத்தனையோ இனிய பொருள்கள் இருக்க, இவர்கள் மருத்துவ ஆய்வைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இதுதான். பெரிய மருத்துவமனைகளில் பிரசவத்திற்குச் செல்லும் நம் வீட்டுப் பெண்களிடமும், குறைமாதக் குழந்தையை உள்ளே விட்டுவிட்டுக் கண்ணீரோடு வெளியே நிற்கும் தந்தையரிடமும் ஒரு படிவத்தை நீட்டி, "உங்கள் குழந்தையை ஓர் ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்பது இன்று நடக்கக்கூடிய காரியம். அப்போது சிலர், "எங்கள் பிள்ளை என்ன சோதனை எலியா?" என்று சினந்து எழுகிறார்கள். வேறு சிலர், "டாக்டர் சொன்னால் சரிதான்" என்று படித்துப் பாராமலே கையெழுத்திட்டு விடுகிறார்கள். இரண்டும் சரியல்ல. கேட்டுத் தெரிந்து, சுதந்திரமாக முடிவு செய்ய வேண்டும் என்பதே நாங்கள் சொல்ல வந்தது.

முதலில், ஆய்வு என்றால் என்ன? ஒரு நோய்க்கு இரண்டு விதமாகச் சிகிச்சை செய்யலாம். இரண்டில் எது நல்லது என்று மருத்துவ உலகுக்கே உறுதியாகத் தெரியவில்லை. அப்போது, இசைவு தந்த பெற்றோரின் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு முறையும் மறு பிரிவுக்கு மற்ற முறையும் கையாண்டு, பல மாதங்கள் கவனித்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எந்தக் குழந்தை எந்தப் பிரிவில் சேரும் என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி தீர்மானிப்பதில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போல அது தானாக அமையும். பணக்காரர் பிள்ளை இந்தப் பக்கம், ஏழை பிள்ளை அந்தப் பக்கம் என்று பிரிந்துவிடாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு.

"தெரியாமலா டாக்டர் வைத்தியம் செய்கிறார்?" என்று கேட்பீர்கள். நல்லது என்று எல்லாரும் நம்பியது கேடாக முடிந்த கதைகள் உண்டு. 1940-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குறைமாதக் குழந்தைகளைப் பெட்டியில் வைத்து ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தார்கள். மூச்சுக்குத் திணறும் குழந்தைக்குக் காற்றுக் கொடுப்பதில் தவறு என்ன இருக்க முடியும்? ஆனால் அக்குழந்தைகளில் பலர் பார்வை இழந்தனர். உலகெங்கும் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் இவ்வாறு குருடாயினர் என்று மதிப்பிடப்படுகிறது. காரணம் என்னவென்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். கடைசியாக 1953-இல் அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் ஒன்றுகூடி, 786 குழந்தைகளைக் கொண்டு முறையான ஆய்வு நடத்தின. தேவைக்கு மேல் கொடுத்த ஆக்சிஜனே விழித்திரையைக் கெடுத்தது என்று அப்போதுதான் ஐயமறத் தெரிந்தது. அந்த ஆய்வு பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்திருந்தால் எத்தனை கண்கள் தப்பியிருக்கும்!

இது எங்கோ நடந்த பழங்கதை என்று எண்ண வேண்டாம். நம் நாட்டிலேயே அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

பிறந்தவுடன் அழாத குழந்தைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். பிரசவ நேரத்தில் போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் அவர்களிடையே உண்டு. சிலர் இறந்துவிடுகிறார்கள், பிழைப்பவர்களில் சிலருக்கு நடை வருவதில்லை, பேச்சு வருவதில்லை. இத்தகைய குழந்தையை, பிறந்த 6 மணி நேரத்திற்குள் குளிர்வித்து, உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸ் அளவில் 72 மணி நேரம் வைத்திருந்தால் மூளைக்கு ஏற்படும் சேதம் குறையும் என்று 2005 முதல் வெளிவந்த மேல்நாட்டு ஆய்வுகள் காட்டின. அங்கே அது வழக்கமான சிகிச்சையாகவும் ஆகிவிட்டது. அப்படியானால் நம் குழந்தைகளுக்கும் அதையே செய்துவிடலாமே?

அந்தக் கேள்விக்கு விடை காண 2015 ஆகஸ்ட் முதல் 2019 பிப்ரவரி வரை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். 'ஹீலிக்ஸ்' என்பது அதன் பெயர். நம் சென்னையிலும் அது நடந்தது. ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளைக் குளிர்வித்தார்கள். மறு பாதியினருக்கு, குளிர்விக்காமல், வழக்கமான தீவிர சிகிச்சை தந்தார்கள். குழந்தை உயிர் பிழைத்து வீடு சென்றதும் ஆய்வு முடிந்துவிடவில்லை. ஏறக்குறைய ஒன்றரை வயதில் மறுபடியும் அழைத்து வளர்ச்சியைச் சோதித்தார்கள். நடக்கிறதா, கட்டைகளை எடுத்து அடுக்குகிறதா, சொல்வதைப் புரிந்துகொள்கிறதா, சொற்கள் வருகின்றனவா என்பனவெல்லாம் அப்படிப்பட்ட சோதனையில் அடங்கும்.

2021-இல் முடிவு வெளியாயிற்று. இறந்தோ, நடுத்தர அல்லது கடும் ஊனத்திற்கு ஆளாகியோ போனவர்கள் குளிர்வித்த பிரிவில் 50 சதவிகிதம், மற்றதில் 47 சதவிகிதம். அதாவது, குளிர்விப்பதால் நன்மை இல்லை. இறந்தவர்களை மட்டும் கணக்கிட்டால் குளிர்வித்த பிரிவில் 84 பேர். மற்றதில் 63 பேர். மேல்நாட்டில் உயிர் காத்த சிகிச்சை இங்கே உயிர்ச் சேதத்தை மிகுவித்தது. வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் இம்முறையைக் கையாள வேண்டாம் என்று ஆய்வாளர்கள் எழுதினர். மருத்துவர்களிடையே இது பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. எனினும், மேல்நாட்டுக் குழந்தைக்குப் பொருந்துவது நம் குழந்தைக்கும் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது என்பது தெளிவாயிற்று.

தாய்மார்களே! இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் உங்களைப் போன்ற பெற்றோர். பிள்ளை பிழைக்குமா என்று தெரியாத வேளையில் அவர்கள் இசைவு தந்தார்கள். பலர் தம் பிள்ளையை இழந்தார்கள். அவர்கள் தந்த விடை, அவர்கள் முகம் அறியாத எத்தனையோ குழந்தைகளுக்குக் காவலாக நிற்கிறது. அவர்களை நன்றியோடு நினைக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆய்வு என்றாலே புது மருந்து என்பதும் இல்லை. எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல்பட அணைத்து வைக்கும் 'கங்காரு' முறை 1978-இல் கொலம்பியா நாட்டில் தொடங்கியது. குழந்தையின் உடல்நிலை சீரான பிறகே அப்படி வைக்கலாம் என்று கருதி வந்தார்கள். பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன என்று இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் 3,211 குழந்தைகளைக் கொண்டு ஆய்வு நடந்தது. முதல் 28 நாளில் இறப்பு 15.7 சதவிகிதத்திலிருந்து 12 சதவிகிதமாகக் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததும், மற்றக் குழந்தைகளுக்கு அதை மறுக்கலாகாது என்று ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். தாயின் அணைப்பே மருந்தென்று 2021-இல் வெளியான அந்த ஆய்வு மெய்ப்பித்தது.

இவ்வளவும் சொன்ன நாங்கள், உங்கள் அச்சம் வீண் என்று சொல்லப் போவதில்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் வில்லோபுரூக் என்ற விடுதியில், 1956 முதல் பல ஆண்டுகள், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு மஞ்சட்காமாலைக் கிருமியை வேண்டுமென்றே கொடுத்து ஆராய்ந்தார்கள். பெற்றோரின் கையெழுத்து இருந்தது. ஆனால் விடுதியில் வேறு இடம் கிடைக்காத நிலையில் ஆய்வுப் பிரிவில் மட்டும் இடம் உண்டு என்றால், அதைச் சுதந்திரமான இசைவு என்று எப்படிச் சொல்வது? நம் நாட்டிலும் 2009-இல் ஆந்திரத்தில் தொடங்கிய ஒரு தடுப்பூசித் திட்டத்தில், விடுதிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டனர். நாடாளுமன்றக் குழு 2013-இல் அதை வன்மையாகக் கண்டித்தது.

இத்தகைய அனுபவங்களால்தான் சட்டங்கள் இறுகின. புதிய மருந்து ஆய்வுகளுக்கு 2019-ஆம் ஆண்டு விதிகள் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளன. நெறிமுறைக் குழு ஒன்று ஆய்வை ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும். அக்குழுவில் மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவரும், பெண் ஒருவரும், பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும். விவரத்தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வில் தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக்காட்ட வேண்டும். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் நட்ட ஈடும் உண்டு.

ஆகவே, படிவம் உங்கள் கைக்கு வரும்போது இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. எதைத் தெரிந்துகொள்ள இந்த ஆய்வு? டாக்டருக்கு இன்னும் தெரியாதது என்ன?

2. ஆய்வில் சேராவிட்டால் என் பிள்ளைக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்?

3. என்னென்ன தீங்கு நேரலாம்? எத்தனை முறை இரத்தம் எடுப்பீர்கள்?

4. எத்தனை மாதம், எத்தனை முறை வர வேண்டும்? பயணச் செலவு யாருடையது?

5. நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா? அவர்களை எப்படித் தொடர்புகொள்வது?

6. நடுவில் விலகிக்கொள்ளலாமா?

கடைசிக் கேள்விக்கு "ஆம், விலகலாம், விலகினாலும் சிகிச்சையில் குறை வராது" என்பதுதான் விடையாக இருக்க வேண்டும். வேறு விடை வந்தால் கையெழுத்திட வேண்டாம். கணவனும் மனைவியும் கலந்து பேச நேரம் கேளுங்கள். படிவத்தின் பிரதியை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். "மாட்டோம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படிச் சொல்லும் பெற்றோரை யாரும் குறை கூறக் கூடாது.

ஆனால் யோசித்து இசைவு தந்தவர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை நலமாகிவிட்டது, இனி எதற்கு அலைச்சல் என்று பாதியில் நின்றுவிடாதீர்கள். வளர்ச்சி பற்றிய ஆய்வுக்கு விடை மாதங்கள் கழித்தே கிடைக்கும். ஹீலிக்ஸ் ஆய்வில் 408 பேரில் 394 பேரின் நிலை கடைசிவரை அறியப்பட்டது. அதனால்தான் அந்த முடிவை நம்ப முடிந்தது. பாதிப் பேர் வராமல் போயிருந்தால், வந்தவர்கள் பட்ட சிரமமும் வீணாகியிருக்கும். மேலும், அந்தச் சோதனையில் உங்கள் பிள்ளைக்குக் காதிலோ கண்ணிலோ நடையிலோ குறை இருப்பது தெரியவந்தால், காலத்தில் உதவி தேட வாய்ப்புக் கிடைக்கும்.

நம் பங்கு ஆலயத்தில் இந்த ஜூபிலி ஆண்டிலும் எத்தனையோ குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடைபெறும். அவர்களுக்கு நாம் கொடுக்கும் ஒவ்வொரு மருந்துக்குப் பின்னாலும், எங்கோ ஒரு தாய் கேட்டுத் தெளிந்து தந்த இசைவு இருக்கலாம். நம் முறை வரும்போது நாமும் அஞ்சாமல் கேட்போம். கேட்டபின் நம் மனச்சாட்சிப்படி முடிவு செய்வோம். படிவத்தைப் படித்துப் புரிந்துகொள்ள உதவி வேண்டுவோர், எந்த ஞாயிறும் பூசைக்குப் பின் எங்கள் குழுவினரை அணுகலாம்.