கை நிறையக் காசு வராத காலத்திலும் எழுத்தை விடாமல் இருப்பது எப்படி?

(கைபேசியில் கதை, கட்டுரை எழுதிவரும் உறுப்பினர்களுக்காக, கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கறவை மாடு, தையல், மசாலாப் பொடி, சணல் பை என்று எத்தனையோ தொழில்களைப் பற்றி இந்த இடத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். இன்றைக்குப் பேசப்போவது கொஞ்சம் வேறு மாதிரியான தொழில். முதலீடாகக் கையில் ஒரு கைபேசி, மனசில் ஒரு கதை இருந்தால் போதும். நம் குழுக்களிலேயே தொடர்கதை, சமையல் குறிப்பு, குழந்தைகளுக்கான கதை என்று எழுதி இணையத்தில் போடுகிறவர்கள் இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாமல் எழுதுகிறவர்களும் உண்டு!

போன மாதம் குழுக்களுக்குப் போயிருந்தபோது ஒரு உறுப்பினர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: “மூணு மாசமா ராத்திரி எல்லா வேலையும் முடிச்சுட்டு, தினம் முக்கா மணி நேரம் உக்காந்து எழுதுறேங்க. மொத்தம் 412 ரூபாய் வந்திருக்கு. ‘இதுக்கா கண்ணைக் கெடுத்துக்கிறே’ன்னு வீட்டுல கேக்குறாங்க. எழுதறதா, விட்டுடறதா, நீங்களே சொல்லுங்க.”

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது இல்லை. அதனால் எல்லோரையும் வைத்துக்கொண்டே பேசிவிடலாம் என்று நினைத்தோம்.

முதலில் கணக்கு

“மனசு வச்சா முடியும்” என்று நாங்கள் சும்மா சொல்லிவிட்டுப் போகமாட்டோம். நாம் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். தினம் முக்கால் மணி நேரம் என்றால் மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 67 மணி நேரம். 412 ரூபாயை அதில் வகுத்தால் மணிக்கு ஆறு ரூபாய்ச் சொச்சம். கூலி என்று பார்த்தால் இது கூலியே இல்லை. இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

ஆனால் இந்தத் தொகை ஏன் இவ்வளவு குறைவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால், “எனக்கு எழுத வரலை போல” என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்.

இணையத்தில் பணம் எப்படி வருகிறது? அமேசானின் கிண்டிலில் 2016 முதல் தமிழிலும் மின்னூல் போடலாம். அங்கே ஆசிரியருக்கு 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு வகைப் பங்கு உண்டு. 70 சதவீதத்துக்குத் தனி நிபந்தனைகள் இருக்கின்றன. வரி நீங்கலாக 50 ரூபாய் விலையுள்ள புத்தகத்துக்கு 35 சதவீதக் கணக்கில் 17 ரூபாய் 50 காசு. 20 பேர் வாங்கினால் 350 ரூபாய். அந்தப் பணமும், விற்ற மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் கணக்குக்கு வரும். 2014-இல் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகளில் வாசகர்கள் கட்டும் சந்தா, தரும் அன்பளிப்பு ஆகியவற்றில் எழுதுகிறவருக்கு ஒரு பங்கு. கதையைக் குரலில் படித்து யூடியூபில் போடுகிறவர்கள் விளம்பரப் பணத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு ஒரு வருடத்துக்குள் மொத்தம் 4,000 மணி நேரமாவது ஆட்கள் அந்த வீடியோக்களைப் பார்த்திருக்க வேண்டும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? எந்த வழியை எடுத்தாலும் தொடக்கத்தில் பணம் கொஞ்சமாக வரும், தாமதமாக வரும், ஒரு மாதம் போல இன்னொரு மாதம் இருக்காது. முருங்கைக் கன்று நட்ட மறுமாதமே காய் பறிக்க முடியுமா? முடியாது. அதற்காக நட்டவர் கை சரியில்லை என்றும் சொல்ல முடியாது.

ஆகவே சகோதரிகளே, ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம். எழுத்து வருமானத்தை நம்பித் தையல் மிஷினை விற்காதீர்கள். பள்ளிக் கட்டணம், கடன் தவணை, அரிசி, பருப்பு எல்லாம் இப்போது செய்யும் தொழிலிலிருந்தே போகட்டும். அடுப்பு எரிவது எழுத்தை நம்பி இல்லை என்றால்தான் பயமில்லாமல் எழுத முடியும். புதுக் கைபேசி வாங்க உள்கடன் கேட்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறோம். இருக்கிற போனில் முதலில் ஒரு கதையை முடியுங்கள். கடன் கேட்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

நமக்கு முன்னால் நடந்தவர்

இது நமக்குப் புதுத் தொழில். ஆனால் தமிழ்ப் பெண்களுக்குப் புதிது அல்ல. வை.மு.கோதைநாயகி அம்மாள் (1901–1960) பெயரைச் சிலர் கேட்டிருப்பீர்கள். சிறு வயதிலேயே திருமணம் ஆனவர். பள்ளிக்கூடம் போனவர் இல்லை. கதை சொல்ல வரும். ஆனால் சரளமாக எழுத வராது. அதனால் முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் உட்கார்ந்து எழுதித் தந்தார். 1925-இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று நடத்தி, அதிலேயே தொடர்கதை எழுதினார். 115 நாவல்கள் எழுதியவர் என்று இன்றைக்கும் பேசப்படுகிறார்.

115 நாவலும் ஒரே ராத்திரியில் வந்துவிடவில்லை. இதழுக்கு இதழ் ஒரு பகுதி என்று சேர்ந்து சேர்ந்து வந்தவை அவை. அவருடைய முதல் எழுத்துக்குப் பின்னால் ஒரு தோழியின் கை இருந்தது என்பதையும் மறந்துவிடாதீர்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

சேமிப்பு மாதிரியே எழுத்து

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. 1992-இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிக் கடனோடு இணைத்தது. ஆரம்பத்தில், “வாரம் பத்து இருபது போட்டு என்னத்த ஆகப்போகுது?” என்று கேட்காத ஊர் உண்டா? நம் பதில் என்ன? வாரம் 20 ரூபாய், 20 பேர், 52 வாரம்: 20,800 ரூபாய். அந்தச் சின்னத் தொகைதான் வங்கி மேலாளர் எதிரே நம்மை நாற்காலியில் உட்கார வைத்தது.

இதே கணக்கை எழுத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 300 வார்த்தை. வாரத்தில் 5 நாள். வருடத்தில் 50 வாரம். மொத்தம் 75,000 வார்த்தை. அது ஒரு பெரிய நாவல்!

சேமிப்பில் நாம் எதைப் பார்ப்போம்? இந்த வாரம் வட்டி எவ்வளவு வந்தது என்று பார்த்துவிட்டா அடுத்த வாரம் சேமிப்புப் போடுகிறோம்? இல்லை. சேமிப்பு நாள் வந்தது, போட்டோம். மனசு இருந்தாலும் போட்டோம், இல்லாவிட்டாலும் போட்டோம். எழுத்துக்கும் அப்படி ஒரு நேரம் வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகோ, ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகோ, உங்களுக்குத் தோதான அரை மணி நேரம். “ஆர்வம் வந்ததும் எழுதலாம்” என்று காத்திருந்தால், ஆர்வம் வரும்போது குக்கர் விசில் அடிக்கும். உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் ஆர்வம் பாதியில் வந்து சேர்ந்துகொள்ளும்.

ஒரு நோட்டு, இரண்டு பத்தி

தீர்மானப் புத்தகம் இல்லாமல் குழு நடக்குமா? எழுதுகிறவர்களும் ஒரு 40 பக்க நோட்டுப் போடுங்கள். நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தி ஆக்குங்கள்.

இடது பக்கம், “நான் செய்தது”: இன்றைக்கு எத்தனை வார்த்தை, எந்த அத்தியாயம் முடிந்தது, எதைத் திருத்தினேன்.

வலது பக்கம், “எனக்கு வந்தது”: எத்தனை பேர் படித்தார்கள், எவ்வளவு பணம், எழுத்துக்காக மட்டும் ஆன கூடுதல் செலவு எவ்வளவு. வீட்டுக்கு எப்படியும் போடுகிற ரீசார்ஜை இதில் சேர்க்க வேண்டாம்.

இடது பக்கம் நம் கையில் இருக்கிறது. வலது பக்கம் நம் கையில் முழுக்க இல்லை. இடது பக்கத்தைத் தினமும் எழுதுங்கள். வலது பக்கத்தை மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். நூற்றுக்கு எழுபது பங்கு சோர்வு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போனை எடுத்து “யாராச்சும் படிச்சாங்களா?” என்று பார்ப்பதிலிருந்து வருகிறது என்று வேடிக்கையாகச் சொல்வோம். விதை போட்ட மண்ணைத் தினம் தோண்டிப் பார்த்தால் முளைக்குமா?

ஐந்து பேர் சேர்ந்தால்

தையல் வேலையில் பக்கத்து மிஷின் சத்தம் கேட்டாலே நம் கால் தானாக மிதிக்கும். எழுத்து அப்படி இல்லை, தனியாகச் செய்கிற வேலை. அதனால்தான் சீக்கிரம் விட்டுவிடுகிறோம். கோதைநாயகி அம்மாளுக்கு ஒரு தோழி கிடைத்தார். நமக்கு ஒரு கூட்டமைப்பே இருக்கிறது!

எழுதுகிறவர்கள் நான்கைந்து பேர் மாதம் ஒரு தடவை உட்காருங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சத்தமாகப் படிக்கட்டும். எந்த இடத்தில் நாக்குத் தடுக்குகிறதோ அந்த இடத்தில் வாக்கியத்தைத் திருத்த வேண்டும் என்று அர்த்தம். “நல்லா இருக்கு” என்பதோடு நிறுத்தாமல், “இந்த இடத்துல மாமியார் ஏன் திடீர்னு அழுவுது, புரியலையே” என்று கேளுங்கள். அந்தக் கேள்விதான் உதவி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது கேட்டவுடன் கதை எழுதித் தரும் கணினிக் கருவிகள் வந்துவிட்டன. “அப்ப நாம எதுக்கு?” என்று சிலர் கேட்கிறீர்கள். நாற்று நடும்போது இடுப்பு எந்த இடத்தில் பிடிக்கும், தண்ணீர் லாரி வராத அன்றைக்குத் தெருவில் யார் முதலில் கத்துவார் என்பதெல்லாம் நீங்கள் இருந்து பார்த்தது. நம் சரக்கு அதுதான். அதை எழுதுங்கள்.

ஏமாறாமல் இருக்க

1. எழுதுகிற வேலைக்கோ, டைப் அடிக்கிற வேலைக்கோ “முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்” என்று கேட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். வேலை கொடுக்கிறவர்தான் பணம் தர வேண்டும்.

2. ஓடிபி, ஏடிஎம் கார்டு எண், யுபிஐ பின் எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை.

3. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சொந்தமாக எழுதிய கதை எழுதிய உடனே உங்கள் சொத்து. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. அந்த உரிமை உங்கள் ஆயுளுக்கும், அதன் பிறகு 60 ஆண்டுகளுக்கும் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், எந்த உரிமையை, எத்தனை வருடத்துக்கு, எவ்வளவு பணத்துக்குக் கொடுக்கிறோம் என்று படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் கூட்டமைப்புக்கு எடுத்து வாருங்கள்.

4. பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரட்டும். பான் கார்டு இல்லாதவர்கள் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எழுதுவதா, விடுவதா?

அந்தச் சகோதரிக்கு எங்கள் பதில் இதுதான். ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம், அல்லது ஒரு முழு நாவல். அது முடியும் வரை “விட்டுடலாமா?” என்ற கேள்வியைத் தினமும் எடுக்க வேண்டாம். முடிந்த பிறகு நோட்டை எடுத்து இரண்டு பத்தியையும் பாருங்கள். படிக்கிறவர் கூடியிருக்கிறார்களா? எழுத்து தெளிந்திருக்கிறதா? எழுதிய அன்றைக்கு மனசு லேசாக இருந்ததா? இதில் எதற்குமே ஆமாம் இல்லை என்றால் நிறுத்துங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆட்டுப் பண்ணை சரிப்படாமல் காளானுக்கு மாறியவர்கள் நம்மிடையே இல்லையா? உடம்பு கெட்டாலும், தூக்கம் கெட்டாலும் கெடு முடியக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி டீ குடிக்கப் போகும் ஆணிடம் “இதுல எவ்வளவு வருமானம்?” என்று யாரும் கேட்பதில்லை. பெண் தனக்காக எடுத்துக்கொள்ளும் அரை மணி நேரத்துக்கு மட்டும் ரசீது கேட்கிறோம். அந்த 412 ரூபாய் அவர் தலையிலிருந்து வந்த பணம். முன்பின் தெரியாத யாரோ சிலர் அவர் எழுதியதைப் படித்துவிட்டுக் கொடுத்தது. தொகை சின்னதுதான். அது எப்படி வந்தது என்பதை வீட்டில் உள்ளவர்கள் ஒரு தடவை யோசித்துப் பார்க்கட்டும்.

எழுதுகிற உறுப்பினர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்பாக ஒரு மணி நேரம் உங்களுக்கென்று இந்த அறையை ஒதுக்கித் தரக் கூட்டமைப்பு நிர்வாகிகள் சம்மதித்திருக்கிறார்கள். வரும்போது நோட்டும், எழுதியதில் ஒரு பக்கமும் கொண்டு வாருங்கள். ஒரு வரி கூட எழுதாதவர்களும் வரலாம். கேட்பதற்கும் ஆள் வேண்டுமே!