எழும்பிப் போக ஓர் இடம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் காலைப் பிரார்த்தனையின்போது அசையாமல் நிற்கத்தான் எங்களைப் பழக்கினீர்கள். இன்று அசையச் சொல்லிப் பேச வந்திருக்கிறேன். ஆசிரியைகள் மன்னிக்க வேண்டும்.

முதலில் என் பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். 5 வருடங்களுக்கு முன் என் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, முழங்காலில் சிராய்ப்பு மட்டுந்தான். ஆனால் நான் பயந்துவிட்டேன். சந்தைக்குப் போக வேண்டாம், கோயிலுக்கு ஓட்டோ பிடிப்போம், முற்றம் கூட்ட ஆள் வைப்போம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினேன். "நீங்கள் இருங்கோ அம்மா, நான் செய்யிறன்" என்பதே வீட்டில் மந்திரமாயிற்று. ஆறு மாதத்தில் கதிரையை விட்டு எழும்ப அம்மா என் கையைத் தேடினார். வேறொருவர் தன் தாயை இப்படி வைத்திருந்தால் கிளினிக்கில் நான் கண்டித்திருப்பேன்.

பாவிக்காத தசை விரைவாகக் கரையும். ஆரோக்கியமான முதியவர்களை 10 நாட்கள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசைத்திசு குறைந்திருந்தது. தசை குறையச் சமநிலை குறைகிறது. விழுந்துவிடுவோம் என்ற பயம் கூடுகிறது. அந்தப் பயத்தால் நடை இன்னும் குறைகிறது.

ஆனால் இழந்ததை மீட்கலாம். 1990இல் வெளியான பொஸ்ரன் ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி வயது 90 ஆன சிலருக்கு 8 வாரங்கள் கால்களுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக இரு மடங்குக்கும் மேலாகியது.

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 150 நிமிடங்களாவது மிதமாக உடலை அசைக்க வேண்டும், 3 நாட்களாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் 150 நிமிடக் கணக்குக்காக யாரும் செருப்பைப் போடுவதில்லை.

ஆகவே நன்றாக நடமாடும் முதியவர்களிடம், "ஏன் நடக்கிறீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினேன். "விடிய நான் பூப் பிடுங்காட்டி சாமிக்கு என்னத்தை வைக்கிறது?" என்றார் ஒருவர். இன்னொருவருக்கு ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேண்டும். மற்றவருக்காக ஒழுங்கை முகப்பில் சிநேகிதி காத்திருப்பார். ஒருவர்கூட கொலஸ்ரரோலைச் சொல்லவில்லை. "பிள்ளையளுக்குப் பாரமாய் இருக்கக்கூடாது" என்று பலர் சொன்னார்கள். அது நல்ல உந்துதல்தான். ஆனால் அந்த எண்ணமே, விழுந்ததையும் வலியையும் மறைக்க வைக்கும், கவனியுங்கள்.

என் அம்மாவை நடக்க வைத்ததும் நான் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாள் அல்ல. அது மேசை விரிப்பின் கீழ் கிடந்தது. இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் அவருடைய வகுப்புத் தோழி கண்ணில் வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். இருவரும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். சொட்டு மருந்து விட ஆளில்லை என்று கேள்விப்பட்டதும் அம்மா தடியைக் கேட்டார். முதல் வாரம் நான் கூடப் போனேன். வழியில் மதகில் இருந்து இளைப்பாறினார். நான்காம் வாரம் தனியாகப் போனார். மருந்து முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, போய்வருவது நிற்கவில்லை. முழங்கால் உழைவு இன்னும் இருக்கிறது. தடியும் இருக்கிறது. கதிரையை விட்டு எழும்ப என் கை தேவைப்படுவதில்லை.

சகோதரிகளே, பெற்றோரின் வேலையைப் பறிக்காதீர்கள், அதைப் பாதுகாப்பாக்குங்கள். கிணற்றடிப் பாசியைத் தேய்த்துவிடுங்கள். குளியலறையில் கைபிடி பூட்டுங்கள். பின்வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள். கண்ணைப் பரிசோதியுங்கள். நெஞ்சுவலி, மூச்சுவாங்கல், தலைச்சுற்று இருந்தால், அல்லது அடிக்கடி விழுந்தால், முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து அம்மாவுக்குத் தொலைபேசி எடுப்பவர்களே, "கவனம், வெளியிலை போகாதேங்கோ" என்று முடிக்காமல், "இண்டைக்கு எங்கை போனீங்கள்? ஆரைக் கண்டீங்கள்?" என்று கேளுங்கள்.

சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள். எங்களில் 70 வயதைக் கடந்தவர்கள் பலர் ஊரில் தனியே இருக்கிறார்கள். அருகருகே வாழ்பவர்களை இருவர் இருவராகச் சேர்த்துவிடுவோம். வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் நடந்து போகட்டும். தேநீரை அந்த வீட்டில் குடிக்கட்டும். இதற்கு நிதி சேர்க்கத் தேவையில்லை. பெயர்ப் பட்டியல் ஒன்று போதும்.

முதற் பெயராக என் அம்மாவின் பெயரைத் தருகிறேன்.