அன்னதானமும் அதை ஏந்தும் இலையும்

(ஆலய அன்னதான உபயகாரர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்னதானத்தின் பெருமையைப் பற்றி இதே மேடையில் என்னைவிடக் கற்றறிந்த பெரியோர்கள் பலமுறை பேசியிருக்கிறார்கள். நான் அதைப் பேச வரவில்லை. நாம் இடுகின்ற அன்னம் எதில் போகிறது என்பதைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்டேன். தலைவர் பெரிய மனது வைத்துக் கொடுத்தார். இது சின்ன விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். மணிமேகலையின் கதையில் நம் எல்லாருக்கும் நினைவில் நிற்பது அமுதசுரபிதான். அதிலே என்ன சோறு வந்தது, என்ன குழம்பு வந்தது என்று யாராவது கேட்டோமா? பாத்திரத்துக்கு அவ்வளவு மதிப்பு.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நம் ஆலயத்துக்குள் அந்த வெள்ளைப் போலிஸ்திரின் பெட்டியைக் கொண்டு வந்தவன் நான்தான். 1996-ஆம் ஆண்டு. அப்போது நான் துணைச் செயலாளர், பள்ளிக்கூடத்தில் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை நம் பக்தர்கள் வாழையிலையில் உட்கார்ந்து பந்தியில் சாப்பிடுவார்கள். வீட்டுக்குக் கேட்பவர்களுக்கு இலையில் மடித்து, மேலே பழைய நாளிதழைச் சுற்றிக் கொடுப்போம். அச்சு மை சோற்றில் ஒட்டுகிறதே என்று எனக்குக் கவலை. கடைத்தெருவில் ஒரு தவ்கேயிடம் விசாரித்தேன். மலிவான விலை, வெள்ளை வெளேரென்ற பெட்டி, மூடினால் கிளிக் என்று சத்தம். செயலவையில் எல்லாரும் கைதட்டினார்கள். இலை நறுக்கவும் துடைக்கவும் ஆள் தேட வேண்டாம் என்று தொண்டர்களுக்கு நிம்மதி. இருபத்தைந்து ஆண்டுகள் அந்தக் கைதட்டலிலேயே ஓட்டிவிட்டோம்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பிறகு ஆலயம் திறந்தும் பந்தி போட முடியவில்லை. முடங்கிக் கிடந்த குடும்பங்களுக்கு எல்லாம் பொட்டலமாகவே கொடுத்தோம். நல்ல காரியம்தான், அதில் எனக்கு ஐயமில்லை. நமது உபயகாரர் ஒருவர் ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒட்டுவதற்கு அம்மன் படம் போட்ட தாள் அச்சடித்துத் தந்தார். ஆலயத்தின் பெயரும் அதில் இருந்தது.

அடுத்த ஆண்டு இறுதியில் பெய்த மழையில் பின்புறத்துக் கால்வாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் மடைப்பள்ளி வாசல் வரை ஏறிவிட்டது. நானும் இரண்டு இளைஞர்களும் இறங்கி, குச்சியால் கிளறி எடுத்தோம். வந்ததில் பெரும்பாலும் நம் பெட்டிகள். அம்மன் முகம் சேற்றில் கிடந்தது. இளைஞன் ஒருவன் அதை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கால்வாய் தெப்ராவ் ஆற்றில் விழுகிறது; ஆறு ஜொகூர் நீரிணையில் விழுகிறது. மற்ற பெட்டிகள் எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகுதான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். போலிஸ்திரின் பெட்டியில் பெரும்பகுதி காற்று. அதனால் எடை இல்லை, விலை இல்லை. அதனாலேயே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை. மக்கிப் போகாது; துண்டு துண்டாக உடைந்து, மீன் விழுங்கும் அளவுக்குச் சிறுத்துப் போகும். அதன் மூலப்பொருளான ஸ்டைரீன், சூடும் எண்ணெயும் சேரும்போது சிறிய அளவில் உணவில் இறங்கும். உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018-இல் ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் ஒரு படி மேலே ஏற்றியது. கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் ஆகிய கூட்டரசுப் பிரதேசங்களில் 2017 செப்டம்பர் முதல் நாள் இந்தப் பெட்டிக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாளிலிருந்து பதினான்கு வகை நெகிழிப் பொருட்களுக்குத் தடை. அங்கே அரசே மாற்றாகச் சொன்னவற்றில் வாழையிலையும் பாக்கு மட்டைத் தட்டும் உண்டு. நம் பாட்டி சொன்னதை அரசாங்கம் ஆணையாகப் போட வேண்டிய காலம்!

சரி, பெட்டியை மாற்றுவோம் என்று புறப்பட்டோம். அதில் பட்ட பாட்டைச் சொல்கிறேன், உங்கள் பணம் என்பதால் சொல்ல வேண்டிய கடமையும் இருக்கிறது.

முதலில் நாசி லெமாக் கட்டும் பழுப்புத் தாள். தாள்தானே, மக்கிவிடும் என்று நினைத்தேன். ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டேன். இது பள்ளியில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் பழக்கம். காலையில் தாள் கூழாகி, உட்பக்கத்தில் ஒட்டியிருந்த நெகிழிச் சவ்வு முழுசாகக் கழன்று கையில் வந்தது. பாம்பு சட்டை உரித்த மாதிரி. நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள்.

அடுத்து கரும்புச் சக்கைப் பெட்டி. சாறு பிழிந்த சக்கையைக் கூழாக்கி, அச்சில் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்துச் செய்கிறார்கள். நல்ல பொருள். ஆனால் வெறும் சக்கை எண்ணெயை உறிஞ்சும். உறிஞ்சாமலிருக்கப் பல தயாரிப்பாளர்கள் ஃப்ளோரின் கலந்த ஒருவகை இரசாயனத்தைச் சேர்த்து வந்தார்கள். அது மண்ணிலும் அழியாது, உடம்பிலும் எளிதில் கரையாது. டென்மார்க் 2020-இலேயே தாள் உணவுப் பொதிகளில் இதற்குத் தடை போட்டது. அமெரிக்காவில் உணவுத் தாள்களுக்கான இந்தப் பூச்சு விற்பனையில் இல்லை என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. நாங்கள் வாங்கிய இடத்தில், இந்த இரசாயனம் இல்லை என்று எழுத்து மூலம் தாருங்கள் என்று கேட்டேன். மூன்று மாதம் 'நாளைக்கு, நாளைக்கு' என்றார்கள். கடிதம் வரவில்லை, நாங்களும் போகவில்லை. வேறொரு இடத்தில் கேட்ட வாரமே கொடுத்தார்கள். இரண்டு பெட்டியும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மூன்றாவது பாக்கு மட்டைத் தட்டு. மரத்திலிருந்து தானாக விழுந்த மட்டையைக் கழுவி, ஊற வைத்து, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு. பசை இல்லை, பூச்சு இல்லை. மலாய்க்காரர்கள் 'ஊப்பே' என்பதும் இதே மட்டைதான்; சீனர் கடைகளில் பொரித்த மீயை அதில் வைத்துக் கொடுத்தால் தனி வாசம். பார்த்ததும் நமக்குப் பெருமகிழ்ச்சி. ஓர் அன்பர் தம் தாயாரின் நினைவாக ஓராண்டுக்கு வேண்டிய தட்டுகளை வாங்கித் தந்தார்.

2025 மே மாதம் செய்தி வந்தது. பாக்கு மட்டைத் தட்டுகள் உணவு வைக்க ஒப்புதல் பெற்றவை அல்ல என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்துவிட்டது. பாக்கில் இருக்கின்ற அரிகோலின் போன்ற இயற்கைப் பொருட்கள் மட்டையிலிருந்து உணவில் இறங்கக்கூடும் என்பது காரணம். வெற்றிலைப் பாக்கு மெல்லுவதால் வாய்ப்புற்று வரும் என்று நமக்கு முன்பே தெரியும். தட்டில் சாப்பிட்டால் அப்படி ஆகும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆகாது என்று உறுதிப்படுத்தும் ஆதாரம் இல்லை என்றார்கள். செயலவையில் பெரிய வாக்குவாதம். அமெரிக்காக்காரன் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டுமா என்றார் ஒருவர். பிள்ளைகள் சாப்பிடுகிற தட்டு என்றார் இன்னொருவர். அந்த அன்பரிடம் போய்ச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தாயார் பேரில் செய்த தர்மம். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'வாத்தியாரையா, வீணாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்' என்றார். இப்போது அந்தத் தட்டுகள் அர்ச்சனைத் தட்டுகளாக இருக்கின்றன. தேங்காய், பூ, உரிக்காத பழம் மட்டும். சூடான சோறு அதில் வைப்பதில்லை.

இப்படி நான் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டிருந்தபோது, நம் மடைப்பள்ளியில் சமைக்கிற அக்கா ஒருநாள் கேட்டார்: "வாத்தியாரையா, பெட்டிய மாத்திக்கிட்டே இருக்கீங்களே, குழம்ப நிறுத்திப் பாத்தீங்களா?"

நாற்பது ஆண்டு வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு இது தோன்றவில்லை! யோசித்துப் பாருங்கள். புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், எலுமிச்சைச் சாதம், கெட்டித் தயிர்ச் சாதம், சுண்டல். கோயில் பிரசாதம் என்று நாம் சொல்பவற்றில் ஒன்றாவது ஒழுகுமா? எல்லாம் இலையிலும் தொன்னையிலும் நிற்கிற பதார்த்தங்கள். நாம்தான் நடுவில் சோறு, சாம்பார், ரசம், பாயசம் என்று பந்திச் சாப்பாட்டை அப்படியே பொட்டலமாக்க ஆசைப்பட்டோம். அந்த ஆசைக்குத்தான் நெகிழி தேவைப்பட்டது. பொட்டலத்துக்குக் கலந்த சாதம் இரண்டு வகை, ஒரு பொரியல் என்று மாற்றினோம். பிரச்சினையில் முக்கால் பங்கு அன்றே தீர்ந்தது.

இலை கட்டும் முறையையும் மீண்டும் கற்றுக்கொண்டோம். வாழையிலையின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. அதனால்தான் தண்ணீர் ஒட்டாது. பச்சையாக மடித்தால் நரம்போரம் கிழியும். தணலில் லேசாக வாட்டினால் நிறம் கறுத்துப் பளபளக்கும், துணி போல் மடங்கும். நடு நரம்பின் முதுகைச் சீவிவிட வேண்டும். சாதம் ஆவி அடங்கிய பிறகு வைக்க வேண்டும், இல்லையென்றால் வியர்த்துச் சோறு குழையும். வெளியே பூச்சு இல்லாத வெறும் தாள் ஒன்று சுற்றி, வாழைநாரால் ஒரு கட்டு. அவ்வளவுதான். தெப்ராவ் தோட்டத்து லயத்தில் நான் சிறுவனாக இருந்தபோது என் தாயார் இருட்டிலேயே எழுந்து, பால் வெட்டப் போகுமுன் எங்களுக்கு இப்படித்தான் கட்டி வைத்துவிட்டுப் போவார். பசாரில் கீரைக் கட்டும் வாழைநாரில்தான் வரும். இன்று பேரங்காடியில் நாலு வெண்டைக்காயைப் போலிஸ்திரின் தட்டில் படுக்க வைத்து, நெகிழிச் சவ்வால் போர்த்தி வைத்திருக்கிறார்கள், நோயாளியைப் போல. அதை அப்படியே வாங்கி வந்து உபயமாகக் கொடுப்பவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். நான் பெயர் சொல்ல மாட்டேன்.

இலையில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. வெட்டிய மறுநாளே வாடத் தொடங்கும். தைப்பூச வாரத்தில் விலை ஏறும், சில சமயம் கிடைக்கவே கிடைக்காது. துடைத்து வாட்ட, வெள்ளிக்கிழமைதோறும் ஆறு பேர் இரண்டு மணி நேரம் வேண்டும். போலிஸ்திரின் பெட்டியைவிடச் செலவு அதிகம்தான், மறைக்கவில்லை. இலை கிடைக்காத நாளுக்கென்று, கடிதம் கொடுத்த இடத்துக் கரும்புச் சக்கைப் பெட்டியைக் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறோம்.

நம் நாட்டிலேயே நார் கொட்டிக் கிடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் பிறந்த தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு அதுவும் போய் வீடுகள் வந்தன. செம்பனைக் குலை நூறு கிலோ ஆலைக்குப் போனால், பழம் உதிர்த்தபின் ஏறக்குறைய இருபது கிலோ வெறுங்குலை மிஞ்சும். அத்தனையும் நார். அதைக் கூழாக்கித் தாளும் தட்டும் செய்யும் ஆராய்ச்சி நம் நாட்டில் பல ஆண்டுகளாக நடக்கிறது. மலேசியாவில் அன்னாசி அதிகம் விளைவது நம் ஜொகூரில். அதன் இலை நாரிலும் தாள் செய்து பார்த்திருக்கிறார்கள். கடைக்கு நல்ல விலையில் வரும் நாளில், அதையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியவை. அன்னதான உபயப் பட்டியலில் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று இருக்கிறது. இந்த ஆண்டு முதல் 'இலை' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அரிசி உபயத்துக்கு முந்திக்கொள்கிறவர்கள் இந்த வரியில் பெயர் எழுதத் தயங்குகிறார்கள். இலைக்கு உபயமா என்று சிரித்தவரும் உண்டு. ஆலயத்தின் பின்புறம், அதே கால்வாய் ஓரமாக முப்பது வாழைக் கன்று வைத்திருக்கிறோம். அது நம் தேவைக்கு எந்த மூலைக்கும் காணாது, ஆனால் சாப்பிட்ட இலையும் வாடிய மாலையும் அங்கேயே குழியில் எருவாகின்றன. முன்பு அவையும் குப்பை லோரியில் ஏறிச் சீலோங் குப்பை மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

குழம்பும் பாயசமும் இல்லாமல் மனசு கேட்காதவர்கள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியோ மங்கோ கொண்டு வாருங்கள். நிறைய ஊற்றி அனுப்புகிறோம். போன மாதம் பதினோரு பேர் கொண்டு வந்தார்கள். அதில் ஒரு பாட்டி கொண்டு வந்தது நான்கு அடுக்கு. நாலையும் நிரப்பினோம். இலை வாட்டுவதற்கு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மடைப்பள்ளிக்கு வந்தால் போதும். தெரியாதவர்களுக்கு அக்கா கற்றுக் கொடுப்பார். எனக்கும் அவர்தான் கற்றுக் கொடுத்தார்.