கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள்

  

பெங்களூரில் வெப்ப இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறவன் நான். அங்கே இந்திய அறிவியல் கழகத்தை ஊர்க்காரர்கள் இன்றும் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றுதான் சொல்வார்கள். ஆண்டுக்கு ஒருநாள் அதன் ஆய்வுக்கூடங்களைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கலாம். அப்படி ஒருநாள், பேரனைக் கூட்டிக்கொண்டு ஓசூர்ப் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர் வந்தார். கூட்டமெல்லாம் திரவ நைட்ரஜனை வேடிக்கை பார்க்க, அவர் என்னிடம் கேட்டார்: "மார்கழிக் காலையில கிணத்துத் தண்ணி வெதுவெதுன்னு இருக்கே, அடியில யாரு சாமி அடுப்பு மூட்டுறது?"

நான் சொன்னேன்: மண் வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும். பகல் வெயிலின் சூடு இரண்டு மூன்று அடிக்குள் அடங்கிவிடும். கோடையும் குளிரும் மாறி மாறி வந்தாலும் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் அந்த வேறுபாடு அநேகமாகத் தெரியாது. பெங்களூர் வட்டாரத்தில் அந்த ஆழத்தில் எப்போதும் சுமார் 24, 25 டிகிரி. வெளியே 15 டிகிரியில் விறைத்த கைக்கு அந்தக் கிணற்று நீர் வெந்நீர்.

சொன்னதோடு விடவில்லை. மூன்று பாத்திரம் வைத்தேன். ஒரு கையை ஐஸ் தண்ணீரிலும் மறு கையைச் சுடுநீரிலும் சற்று நேரம் வைத்திருக்கச் சொல்லி, பிறகு இரண்டையும் குழாய்த் தண்ணீரில் விடச் சொன்னேன். ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சுட்டது, மறு கைக்குக் குளிர்ந்தது. அவர் கையை எடுக்காமலே கேட்டார்: "அப்ப சித்திரையில ஜில்லுனு இருக்கறதும் இதே தண்ணிதானா?"

பட்டம் பெறும் பிள்ளைகளே, அதுதான் அறிவியல். ஒரு விளக்கத்தைக் கேட்டதும், அது வேறொரு பருவத்துக்கும் பொருந்துகிறதா என்று தன் அனுபவத்தில் உரசிப் பார்த்தார். அதற்குச் சமன்பாடு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

இப்படி ஓர் எளிய கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர்தான் பெங்களூரில் சொந்த ஆய்வு நிலையம் கண்ட சர் சி.வி. ராமனும். 1921-ல் கப்பலில் வரும்போது, கடல் ஏன் நீலம் என்ற கேள்வியை ஒரு சின்ன நிக்கோல் பட்டகத்தால் சோதித்தார். நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் வானொளியை அதனால் தடுத்தும் நீலம் போகவில்லை. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார். அந்தத் தேடல்தான் 1928-ல் ராமன் விளைவில் கொண்டுபோய் விட்டது. அதே ராமன் எண்பது வயதில், 1968 டிசம்பரில், அகமதாபாத்தில் வானம் ஏன் நீலம் என்று விளக்கிப் பேசினார். நோபல் பரிசு வாங்கியவருக்கு அந்தக் கேள்வி சின்னதாகத் தெரியவில்லை.

கேள்விகளுக்கு அப்படி மதிப்புத் தந்த ஓர் இடத்துக்கு, பசவனகுடி நேஷனல் கல்லூரிக்கு, என் மாணவப் பருவத்தில் போவேன். பெங்களூர் சயின்ஸ் ஃபோரம் என்ற அமைப்பு 1962-ல் அங்கே தொடங்கியது. புதன்கிழமை மாலைகளில் சொற்பொழிவு. அதை வளர்த்த எச். நரசிம்மையா துணைவேந்தராகவும் இருந்தவர். வாழ்நாளில் பெரும்பகுதியைக் கல்லூரி விடுதி அறையிலேயே கழித்த இயற்பியலாளர். பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். ஓய்வுபெற்ற வங்கி ஊழியரும் பள்ளிச் சிறுவனும் எழுந்து கேட்பார்கள். பல நாள் எனக்குப் பேச்சைவிட அந்த நேரம்தான் பிடித்தது.

பொதுமக்களின் கேள்விக்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கும் சொல்கிறேன். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது 0.7 சதவீதத்துக்கும் குறைவு. குறைவுதான், கூட்டச் சொல்லிப் போராடத்தான் வேண்டும். ஆனால் அதில் பாதிக்கு மேல் அரசுப் பணம். சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிற அந்த அம்மாவின் காசும் அதில் இருக்கிறது. அவருக்கு நாம் பதில் சொல்வது தர்மம் அல்ல, கடன். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976-லேயே அரசியலமைப்பில் சேர்த்தாயிற்று.

உங்கள் கல்லூரி முதல்வரிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். மாதம் ஒரு மாலை, ஊரார் யாரும் வந்து கேள்வி கேட்கலாம், இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வையுங்கள் என்று. சரி என்றார். பதில் சொல்ல நீங்கள் வர வேண்டும். முதல் மாலைக்கு நானும் வருகிறேன், பாத்திரங்களோடு.