புலிக்கும் அச்சம் உண்டு



துணிவைப் பற்றிப் பேசுவதற்கு இந்த மூலக்கொத்தளத்தைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் அதிகம் இல்லை. இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு, நோயுற்று, 1939இல் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் மூலக்கொத்தளம் இடுகாட்டில்தான் துயில்கிறார்கள். கையில் ஆயுதம் எடுக்காதவர்கள் அவர்கள். வடசென்னைக்குக் குத்துச்சண்டை மேடையின் துணிவும் உண்டு. 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' அதை ஊரறியச் செய்தது. இந்த இரண்டையும் விட்டு, கதையிலும் சினிமாவிலும் நாம் கைதட்டி வளர்த்த வேறொரு துணிவை இன்று பேச எடுத்துக்கொண்டேன். அது விலங்கோடு மோதும் துணிவு.

இந்தப் பகுதிக்குப் புலி புதிதல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபோர் 1855இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, 1863இல் சென்ட்ரலை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறியது. பாடம் செய்த விலங்குகள் இருந்த அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், உறுமும் விலங்குகள் இருந்த இடத்தை 'உயிர் காலேஜ்' என்றும் நம் முன்னோர் சொன்னார்கள். வண்டலூருக்குப் போகும்வரை நூறாண்டுக்கும் மேலாக, பேசின் பிரிட்ஜைத் தாண்டிப் போனால் புலியைப் பார்த்துவிட்டு வரலாம் என்பதுதான் நம் நிலை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு அதன் உறுமல் கேட்டது. அந்த உறுமலில் பாதி அச்சம் என்பது கேட்கவில்லை. நம் கதைகளிலும் அது வெகுகாலம் கேட்கவில்லை என்பதே என் பேச்சின் பொருள்.

1. கல்லும் முறமும்

தருமபுரி, கிருஷ்ணகிரி, கொங்குப் பகுதிகளில் புலிக்குத்திக் கற்கள் பல உள்ளன. ஒரு பக்கம் பாயும் புலி, மறுபக்கம் வேலோ வாளோ ஏந்திய வீரன். இந்தக் கற்கள் பெரும்பாலும் செத்தவனுக்கு எழுப்பியவை. அவன் வேட்டைப் பெருமைக்காகப் போனவன் அல்லன். ஊர் மாட்டைக் காக்கப் போய், திரும்பி வராதவன். புலியும் மனிதனும் ஒரே கல்லில், ஒரே அளவில் நிற்கிறார்கள். செதுக்கியவன் புலியைச் சிறுமைப்படுத்தவில்லை.

மேடைப் பேச்சாளர்களுக்குப் பிடித்த இன்னொரு கதை, முறத்தால் புலியை விரட்டிய தமிழச்சி. அதை வீர முழக்கமாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். கொஞ்சம் நின்று கவனியுங்கள். முறம் ஆயுதம் இல்லை. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், கையில் இருந்ததை ஓங்கிச் சத்தம் போட்டாள். புலி மிரண்டு ஓடியது. அவளும் பிழைத்தாள், புலியும் பிழைத்தது. காட்டோரத்தில் வாழ்பவர்களைக் கேட்டால், புலி மனிதனைக் கண்டால் விலகவே பார்க்கும் என்பார்கள். ஆகவே இந்தக் கதை மிகையானதுகூட அல்ல. புலியின் அச்சத்தை ஒப்புக்கொண்ட கதை இது. நாம்தான் அவளுடைய வீரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, புலியின் மிரட்சியை விட்டுவிட்டோம்.

2. சாண்டோவின் பட்டறை

தமிழ் சினிமாவில் விலங்கு என்றதும் நினைவுக்கு வருபவர் தயாரிப்பாளர் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். 1956இல் 'தாய்க்குப் பின் தார'த்தில் எம்.ஜி.ஆரைக் காளையோடு மோதவிட்டுத் தொடங்கியவர், யானை, ஆடு, பாம்பு என்று எதையும் விடவில்லை. 'நல்ல நேரம்', 'வெள்ளிக்கிழமை விரதம்', 'ஆட்டுக்கார அலமேலு' எல்லாம் அவர் பட்டறையில் பிறந்தவை. கொட்டகையில் விசில் பறந்த காட்சிகள் அவை.

குத்துச்சண்டை தெரிந்த ஊருக்கு ஒன்றை விளக்க வேண்டியதில்லை. மேடை ஏறும் இருவரும் சம்மதித்து ஏறுகிறார்கள். எடை பார்க்கிறார்கள், விதி இருக்கிறது, மணி அடித்தால் விலக வேண்டும். படப்பிடிப்பில் நின்ற விலங்கை யாரும் சம்மதம் கேட்கவில்லை. அது சண்டை என்பதே அதற்குத் தெரியாது. விளக்கு வெளிச்சமும் ஆள்கூட்டமும் புகையும் சூழ நின்ற அந்த விலங்கு அஞ்சியது. அந்த அச்சத்தைத்தான் மூர்க்கம் என்று நமக்குக் காட்டினார்கள். நாயகனின் துணிவுக்கு விலை கொடுத்தது அது.

தேவர் மறைந்த மறு ஆண்டு, 1979இல், அவருடைய நிறுவனத்திலிருந்து வந்த 'அன்னை ஓர் ஆலயம்' இதில் ஓர் அடி முன்னே போனது. விலங்குகளைப் பிடித்து வாழும் நாயகன் ரஜினிகாந்த், குட்டி யானையைத் தாயிடமிருந்து பிரிக்கிறார். பிறகு அந்தப் பிழையை உணர்ந்து வருந்துகிறார். வெகுஜனப் படம்தான். ஆனாலும் தாய் யானையின் தவிப்பை உணர்வதுதான் ஆண்மை என்று அது சொன்னது.

3. புரசைவாக்கத்துக்காரர் எழுதிய புலி

நமக்குப் பக்கத்துப் புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில், மயிலும் குரங்கும் துணையாக வளர்ந்த ஆர்.கே. நாராயண், 1983இல் 'எ டைகர் ஃபார் மால்குடி' நாவலை எழுதினார். கதையைச் சொல்வதே ராஜா என்ற புலி. சர்க்கஸ்காரர் அதைப் பட்டினி போட்டுப் பழக்குகிறார். பிறகு சினிமாவுக்குக் கொண்டுபோகிறார். புலியோடு மோத வேண்டிய பலசாலி நடிகர் அதன் பக்கத்தில் போகவே நடுங்குகிறார். சர்க்கஸ்காரர் மின்கருவியால் புலியைத் தண்டிக்கிறார். வலி தாங்காத ஒரு கணத்தில் புலி அறைகிறது, அவர் இறந்துபோகிறார். ஊர் துப்பாக்கியைத் தேடும்போது, அது பதுங்கிய இடத்துக்குள் வெறுங்கையோடு போய் அதை அழைத்து வருபவர் ஒரு துறவி.

படப்பிடிப்பில் யார் யாருக்கு அஞ்சுகிறார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன இந்திய நாவல் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

4. சட்டமும் கணினியும்

1998இல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று அறிவித்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன்பின் சினிமாவில் விலங்கைக் காட்ட விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி தேவைப்பட்டது. இன்று நம் திரைகளில் பாயும் புலிகள் பெரும்பாலும் கணினியில் பிறந்தவை. 2012இல் ஆங் லீயின் 'லைஃப் ஆஃப் பை' புதுச்சேரிச் சிறுவனையும் ஒரு புலியையும் படகில் ஏற்றியபோது, பெரும்பாலான காட்சிகளில் இருந்தது கணினிப் புலிதான்.

இதில் விலங்குக்கு விடுதலை கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் கணினிப் புலிக்கு வலி இல்லாததுபோல் அச்சமும் இல்லை. எவ்வளவு மூர்க்கமாகவும் அதை வரையலாம். ஆங் லீயின் புலி கடல்மயக்கத்தில் துவண்டது, பசித்தது, மெலிந்தது. அதனால் அது புலியாக இருந்தது. நாயகனிடம் அடிவாங்குவதற்கென்றே வரையப்படும் புலி வெறும் அடியாள். பழைய பொய் புதிய கருவியோடு திரும்பி வந்திருக்கிறது.

5. அறிந்தவர்களின் துணிவு

மெய்யான துணிவுக்காரர்கள் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907இல் சுட்ட ஜிம் கார்பெட், தன் அச்சத்தை மறைக்காமல் எழுதியவர். பழைய துப்பாக்கிக் காயத்தால் அதன் கோரைப்பற்கள் உடைந்திருந்ததையும் அவரே பதிவுசெய்தார். ஆட்கொல்லியை உண்டாக்கியதில் மனிதனுக்கும் பங்கு உண்டு என்பதே அதன் பொருள்.

நம் நீலகிரியில் 2021இல் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 புலியை உடனே கொன்றுவிட வேண்டாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். வனத்துறையும் பழங்குடித் தடம் பார்ப்போரும் மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். உறவுகளை இழந்த மக்களின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்கு நடுவே, புதருக்குள் புலி இருக்கிறது என்று தெரிந்தே நடந்தவர்களின் துணிவை எந்த நாயகனோடு ஒப்பிடுவது?

வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, பானையில் வைத்து, நஞ்செடுத்து, சில வாரத்தில் திரும்ப விட்டுவிடுகிறார்கள். நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கு அந்த நஞ்சுதான் பெரிதும் மூலம். அவர்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பாம்பு எப்போது அஞ்சும், அஞ்சினால் என்ன செய்யும் என்று அறிந்திருப்பதே அவர்களுடைய கவசம்.

நிறைவாக

துணிவை அளக்க நான் முன்வைக்கும் அளவுகோல் இது: மனிதனும் விலங்கும் சந்தித்து, இருவரும் உயிரோடு பிரிந்தால் அங்கே துணிவு இருந்தது. முறம் ஏந்தியவள் இதில் தேறுகிறாள். மால்குடித் துறவியும், டி23ஐத் தேடியவர்களும், இருளர்களும் தேறுகிறார்கள். அடியாள் புலியை அடித்து வீழ்த்தும் நாயகன் தேறவில்லை.

இங்குள்ள இளைஞர்களில் நாளைய கதைக்காரர்களும் உதவி இயக்குநர்களும் இருப்பீர்கள். உங்கள் கதையில் புலி வந்தால் அதற்கும் அச்சம் கொடுங்கள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள் என்று 2020இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் பாம்பு வந்தால் தடி எடுக்காதீர்கள். தள்ளி நின்று, பார்வையை எடுக்காமல், தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் மந்திரிக்கவோ கட்டுப் போடவோ நேரத்தை வீணாக்காதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நேரே அங்கே போங்கள்.