கரை மேல நடந்தது போதும்... ஒரு நாள் கீழ இறங்கிப் பாருங்க!

(ஞாயிறு மாலை நடந்த இளைஞர் சந்திப்பில் நமது ஐடி விங் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். உங்க ஊர் ஏரிக்காக முழுசா படிங்க.)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. நான் படிச்சது சிவில் இன்ஜினியரிங். வேலை பார்க்கிறது சாஃப்ட்வேர்ல. சிரிக்காதீங்க, இங்க உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு அதே கதைதான். படிச்ச படிப்பு இன்னைக்காவது உதவட்டும்னு ஏரிக்கரையைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

எங்க ஊர் ஏரிக்கரையில நடைபாதை வேணும்னு மனு கொடுத்தது நாமதான். பேவர் பிளாக் போட்டாங்க, விளக்குக் கம்பம் நட்டாங்க, நாலு பெஞ்சும் போட்டாங்க. காலையில அக்காமார்கள் வாக்கிங் போறாங்க, சாயங்காலம் பசங்க சைக்கிள் ஓட்டுறாங்க. நான் ஒரு ரீல்ஸ் எடுத்துப் போட்டேன், லைக் குவிஞ்சது. போன வருஷம் ஐப்பசி மழையில ஏரி முக்கால்வாசி நிரம்பினப்போ மறுபடியும் வீடியோ எடுக்கப் போனேன். அங்க எங்க ஊர் நீர்க்கட்டி தாத்தா நின்னுட்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"தம்பி, மேல நின்னு படம் புடிக்கிற. கீழ வந்து பாரு."

இறங்கிப் போனேன். வயல் பக்கம், கரையோட அடியில தரை சொதசொதன்னு இருந்தது. விளக்குக் கம்பத்துக்குத் தோண்டின இடத்துக்கு நேர் கீழே விரல் தடிமனுக்குத் தண்ணி வந்துட்டிருந்தது. தாத்தா அதை உள்ளங்கையில ஏந்தி, டார்ச் அடிச்சுப் பார்த்தார். "தெளிவாத்தான் இருக்கு. கலங்கி வந்தா சொல்லு"ன்னார்.

தோழர்களே, நாலு வருஷம் படிச்ச மண் இயக்கவியல் முழுக்க அந்த ஒரு வரியில இருக்கு.

மண் கரைன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்த தண்ணி வந்தா கண்காணிக்கணும். கலங்கின தண்ணி வந்தா, கரையோட மண்ணையே அது உள்ளிருந்து அரிச்சு எடுத்துட்டு வருதுன்னு அர்த்தம். உள்ளே எலி வளை மாதிரி ஒரு குழாய் உருவாகும். அது ஏரிப் பக்கம் தொட்டுட்டா அப்புறம் மணிக்கணக்குதான். வெளியில இருந்து பார்த்தா கடைசி நிமிஷம் வரைக்கும் கரை கம்பீரமா நிக்கும், மேல பேவர் பிளாக்கும் பளபளன்னு இருக்கும்.

அன்னைக்கு ராத்திரி பத்துப் பேர் முறை போட்டுக் காவல் இருந்தோம். மதகைத் திறந்து தண்ணியைக் கொஞ்சம் இறக்கினாங்க. மழை விட்டது, பிழைச்சோம். மறுநாள் சம்பந்தப்பட்ட அலுவலகத்துல மனு கொடுத்தோம், ரசீதும் கொடுத்தாங்க. ரசீது என்கிட்ட பத்திரமா இருக்கு. கசிவும் அதே இடத்துல பத்திரமா இருக்கு. அடுத்த வடகிழக்குப் பருவமழை வாசல்ல நிக்குது.

"சின்ன ஏரிதானே தம்பி, என்ன ஆகிடப் போகுது?"ன்னு கேட்பாங்க. அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல கெல்லி பார்ன்ஸ்னு ஒரு சின்ன மண் அணை. மின்சாரம் எடுக்கிறதை நிறுத்தின பிறகு, அந்த ஏரி வெறும் பொழுதுபோக்குக்குத்தான் இருந்தது. 1977 நவம்பர் 6, விடியறதுக்கு முன்னாடி உடைஞ்சது. கீழே ஒரு கல்லூரி வளாகம். 39 பேர் இறந்தாங்க.

இன்னொண்ணு இதைவிடப் பெரிய பாடம். பென்சில்வேனியாவுல சவுத் ஃபோர்க் அணை, அதுவும் மண் அணைதான். பிட்ஸ்பர்க் பணக்காரங்க ஒரு கிளப் ஆரம்பிச்சு, படகு விடவும் மீன் பிடிக்கவும் அந்த ஏரியை வாங்கினாங்க. ஆண்ட்ரூ கார்னகி கூட அந்த கிளப்ல உறுப்பினர். என்ன பண்ணாங்க தெரியுமா? குதிரை வண்டி வசதியா போகணும்னு கரையோட உயரத்தைக் குறைச்சாங்க. வாங்கி விட்ட மீன் தப்பிச்சுடக் கூடாதுன்னு உபரிநீர் போற வழியில கம்பி வலை கட்டினாங்க. தண்ணியைக் கீழிருந்து வெளியேத்துற குழாய்களை முந்தின உரிமையாளரே கழட்டி வித்திருந்தார். இவங்க திரும்பப் போடவே இல்ல.

1889 மே 31. பெருமழை. வலையில குப்பையும் கட்டையும் அடைச்சுக்கிச்சு. தண்ணி போக வழியில்ல, இறக்கவும் குழாய் இல்ல. கரை மேல ஏறி வழிஞ்சு அணை உடைஞ்சது. கீழே ஜான்ஸ்டவுன் நகரம். 2,209 பேர் செத்துப் போனாங்க.

அந்த மூணு தப்பையும் நம்ம ஊருக்குக் கொண்டு வந்து பாருங்க. கரை உயரத்தைக் குறைச்சது, வண்டி போக நாம கரையை வெட்டித் தாழ்த்துற சறுக்குப் பாதை. உபரிநீர் வழியை அடைச்சது, நம்ம ஊர் கலங்கல்ல மணல் மூட்டை அடுக்கி, "இன்னும் ரெண்டு அடி தண்ணி நிக்கட்டும், போட் விடலாம்"னு சொல்றது. குழாயைக் கழட்டினது, துருப்பிடிச்சு பத்து வருஷமா திறக்காத நம்ம மதகு ஷட்டர். அவங்களுக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இல்ல. ஏரியை ரசிக்கணும்னுதான் ஆசைப்பட்டாங்க.

சரி, சட்டம் இருக்கே? இருக்கு. அணை பாதுகாப்புச் சட்டம், 2021. ஆனா அது 15 மீட்டருக்கு மேல உயரமான அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள்ள சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட அணைகளுக்கும்தான். நம்ம ஏரிக்கரை பெரும்பாலும் நாலு மீட்டர், அஞ்சு மீட்டர். தமிழ்நாட்டுல 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கு. அதுல ஏறக்குறைய எல்லாமே அந்தச் சட்டத்துக்கு வெளியேதான். 100 ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு இருந்தா நீர்வளத்துறை, அதுக்குக் கீழே இருந்தா ஊராட்சி ஒன்றியம். உங்க ஊர் ஏரி யார்கிட்ட இருக்குன்னு இங்க எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்க பார்ப்போம்... மூணு பேர். அப்போ இத்தனை நாளா நாம யாருக்கு மனு எழுதினோம்?

2019 ஜூலையில மகாராஷ்டிரா ரத்னகிரி மாவட்டத்துல திவரே அணை ராத்திரியில உடைஞ்சது. அதுவும் சின்ன மண் அணைதான். கசியுதுன்னு முன்னாடியே புகார் கொடுத்திருந்தோம்னு ஊர் மக்கள் சொன்னாங்க. அந்த மாநில அமைச்சர் ஒருத்தர், நண்டு வளை தோண்டினதுதான் காரணம்னு பேட்டி கொடுத்தார். நண்டு வளை கரைக்கு ஆபத்துதான், நான் மறுக்கல. ஆனா நண்டுகிட்ட ஓட்டு கேட்டு யாரும் போகல, சம்பளமும் கொடுக்கல. வளையைப் பார்த்து அடைக்க வேண்டியது மனுஷன்.

மத்தவங்களைக் குறை சொல்லியாச்சு. இப்போ நம்மளைப் பத்தி. கோபப்படாதீங்க.

ஒண்ணு. கட்சிக் கொடிக்கம்பம், பேனர் கால், எதுக்காகவும் ஏரிக்கரையில குழி தோண்டாதீங்க. நம்ம கொடி பறக்க ஆயிரம் இடம் இருக்கு.

ரெண்டு. தலைவர் பிறந்தநாளுக்குக் கரை மேல ஆலமரமும் அரசமரமும் வைக்காதீங்க. பெரிய மரத்தோட வேர் கரைக்குள்ள துளைச்சுப் போகும். மரம் பட்டுப் போனா வேர் மக்கி, அந்த இடம் தண்ணிக்கு வழியாயிடும். புயல்ல சாய்ஞ்சா கரை மண்ணையும் பெயர்த்துட்டு விழும். மரக்கன்றை கரைக்கு வெளியே, தள்ளி வைங்க. கரைக்குப் புல்தான் நல்ல போர்வை.

மூணு. "வண்டல் எடுக்குறோம்"னு கரை ஓரத்துலயே ஆழமா மண் அள்ளினா, அது நம்ம ஆளா இருந்தாலும் தடுங்க. கரையோட காலை வெட்டுற வேலை அது. அந்தப் பள்ளம் தண்ணிக்குள்ள மறைஞ்சிருக்கும். லீவு நாள்ல குளிக்க இறங்குற பிள்ளைக்குத் தெரியாது. திறந்திருக்கிற மதகுப் பக்கம் நீந்துறதும் அதே மாதிரிதான், உள்ளே இழுத்துடும்.

அப்போ நடைபாதையே வேண்டாமா? வேணும்! நாலு பேர் தினமும் நடக்கிற கரைதான் பாதுகாப்பான கரை. ஆள் நடமாட்டம் இல்லாத கரையில சீமைக்கருவேலம்தான் முளைக்கும், கசிவு கண்ணுலயே படாது. பாதை போடுறதுக்கு முன்னாடி கரையைச் சோதிச்சுப் பலப்படுத்துங்க, கலங்கலைத் தொடாதீங்கன்னுதான் கேட்கிறோம். அழகு அப்புறம்.

வர்ற ஞாயிறு காலை ஆறு மணிக்கு, ஒவ்வொரு கிளையிலயும் அஞ்சு பேர் போங்க. கரையோட அடியில ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடங்க. ஈரம், கசிவு, விரிசல், உள்வாங்கின இடம், வளை, எல்லாத்தையும் இருப்பிடத்தோட போட்டோ எடுங்க. கலங்கல்ல அடைப்பு இருக்கா, மதகு ஷட்டர் தூக்குதான்னு பாருங்க. ஊர்ப் பெரியவர் ஒருத்தரைக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க, அவருக்கு நம்ம ஆப்பை விட அதிகம் தெரியும். அன்னைக்கே எழுத்துல மனு கொடுத்து ரசீது வாங்குங்க.

கலங்கின தண்ணி வந்தா போட்டோ எடுத்துட்டு நிக்காதீங்க. உடனே அதிகாரிக்கும் கீழே இருக்கிற வீடுகளுக்கும் சொல்லுங்க. பதறிப் போய் வெளிப்பக்கத்துல களிமண் வச்சு அடைக்காதீங்க, தண்ணி வேற இடத்துல பிச்சுக்கிட்டு வரும். சுத்தி மணல் மூட்டை அடுக்கி, உள்ளே மணலும் மேல ஜல்லியும் போட்டா தண்ணி வரும், மண் வராது. பொறியாளர் வந்து சேர்ற வரைக்கும் அது தாங்கும்.

கடைசியா ஒண்ணு. அந்த போட்டோவுல கட்சித் துண்டு வேண்டாம். கரை உடைஞ்சா தண்ணி எந்தக் கட்சி வீடுன்னு கேட்டுட்டு உள்ளே வராது. எதிர்க்கட்சித் தம்பி வந்தாலும் சேர்த்துக்கிட்டு நடங்க.

எங்க ஊர் ரசீதை எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலையில மறுபடியும் அந்த அலுவலகத்துக்குப் போறேன். இந்தத் தடவை நாற்பது பேரோட, நீர்க்கட்டி தாத்தாவை முன்னாடி நிறுத்தி. கசிவு அடைபட்ட அன்னைக்கு அதே கரையில நின்னு ஒரு ரீல்ஸ் போடுறேன். கீழே நின்னு!



(உங்க ஊர் ஏரி பேரையும், அது எந்தத் துறைகிட்ட இருக்குன்னும் கமெண்ட்ல போடுங்க. தெரியலன்னா, ஞாயித்துக்கிழமைக்குள்ள கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு போடுங்க.)

#கரையைக்_காப்போம் #நம்ம_ஏரி_நம்ம_பொறுப்பு